மன்னர் வாய்க்குள் ஒரு வழக்கு

கொன்றையூர் மன்னர் செண்பகராயருக்கு எல்லாம் இருந்தது. யானை இருந்தது, படை இருந்தது, பார்க்க லட்சணமான முகமும் இருந்தது. வாயைத் திறந்தால்தான் வம்பு. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் பாகப்பிரிவினையில் சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. சிரிப்பு வந்தால் மன்னர் அங்கவஸ்திரத்தை வாயில் பொத்திக்கொள்வார். எத்தனை நாள்தான் ஒரு மனிதர் துணிக்குள்ளேயே சிரிப்பார்?

ஒருநாள் சபையில் மனம் விட்டுச் சொல்லிவிட்டார். "இந்தப் பல் நேராக வேண்டும். ஆனால் வாயில் எதையோ மாட்டியிருக்கிறேன் என்று ஒரு கண்ணுக்கும் தெரியக் கூடாது."

அமைச்சர் வச்சிரநாதர் எழுந்தார். "பல்லை இழுத்து நிறுத்தக் கம்பி வேண்டும், பிரபு. கம்பி போட்டால் தெரியாமல் இருக்குமா? குதிரையின் கடிவாளம் ஊருக்கே தெரிகிறதே."

மன்னர் முகம் வாடிவிட்டது. அவருக்குப் பேச்சுத்துணையாகச் சபையில் இருந்த உலகளந்தானுக்கு அது பொறுக்கவில்லை. "பல்லுக்கு முன்பக்கம் மட்டும்தானா இருக்கிறது? கம்பியைப் பின்பக்கம் போட்டுவிடலாமே" என்றார். சொன்ன பிறகுதான் எப்படிப் போடுவது என்று யோசித்தார்.

அமைச்சருக்கு வாயெல்லாம் பல். உலகளந்தானை ஒழித்துக்கட்ட வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர். "போடட்டும். ஆறு மாதம் கழித்துக் கம்பி இருக்கிறது என்று இதே சபையில் நிரூபிக்கட்டும். அதைச் செய்தவரைத் தவிர வேறு யாராவது பார்த்துவிட்டாலும் தோல்வி, நிரூபிக்க முடியாவிட்டாலும் தோல்வி. தோற்றால் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல் ஏற்றி, நாட்டை விட்டே அனுப்பிவிட வேண்டும்."

பல் ஆசையில் மன்னர் தலையாட்டிவிட்டார். உலகளந்தான் சபை கலையும் வரை காத்திருக்கவில்லை. நேராகப் பொற்கொல்லர் சிற்றம்பலப் பத்தர் பட்டறைக்கு ஓடினார்.

"பத்தரே, ஒரு நகை செய்யணும். யார் கண்ணுக்கும் தெரியாத நகை."

"யாரும் பாக்காத நகையை எதுக்கய்யா செய்யணும்? என் தொழிலுக்கே கேவலம்."

"மன்னர் வாய்க்குள்ள போடணும். இல்லேன்னா எனக்குக் கழுதைச் சவாரி."

பத்தர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தேன்மெழுகை இளஞ்சூட்டில் பிசைந்து, மன்னர் வாயில் வைத்து அழுத்தி அச்சு எடுத்தார். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லின் முதுகும் ஒவ்வொரு தினுசு. ஒன்றில் குழி, ஒன்றில் மேடு. ஒரே அளவுத் தகடு ஒத்து வராது. ஆகவே பல்லுக்கு ஒன்றாக, அந்தந்தக் குழிக்கும் மேட்டுக்கும் பொருந்துகிற மாதிரி பொன் தகடு தட்டினார். தகட்டுக்குத் தகடு ஒரு குட்டிக் கொக்கி வைத்து, கொக்கிகளில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கினார். எல்லாவற்றையும் அரக்கு வைத்துப் பல்லின் பின்னால் ஒட்டிவிட்டார்.

முதல் வாரம் மன்னர் பாடு திண்டாட்டம். நாக்கு உரசிப் புண்ணாகிப் பேச்சு மழலையாகிவிட்டது. மன்னர் மௌன விரதம் இருக்கிறார் என்று உலகளந்தான் ஊருக்கு அறிவித்தார். ஊரே அவர் பக்தியை மெச்சியது. மன்னர் கஞ்சியைக் குடித்துக்கொண்டு உலகளந்தானை முறைத்தார்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி பத்தர் வந்து கம்பியை இறுக்கினார். ஆறு மாதத்தில் அண்ணனும் தம்பியும் சமாதானமாகிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

சபை கூடியது. மன்னர் துணி இல்லாமல் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள், அமைச்சரைத் தவிர.

"பல் நேரானது குலதெய்வத்தின் அருள்" என்றார் அவர். "கம்பி என்பது கட்டுக்கதை. இருந்தால் காட்டட்டும்."

காட்டினால் பார்த்துவிடுவார்கள். காட்டாவிட்டால் நிரூபணம் இல்லை. மன்னர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அமைச்சர் கைகூப்பினார். "பிரபு மன்னிக்க வேண்டும். தீர்ப்புச் சொல்பவர் சாட்சி சொல்லும் வழக்கம் நம் சபையில் இல்லை. கம்பி செய்த பத்தர் சாட்சியும் செல்லாது."

வாசலில் கழுதை கத்தியது. அமைச்சர் காலையிலேயே கொண்டுவந்து கட்டிவைத்திருந்தார். உலகளந்தான் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு அமைச்சர் பக்கம் வந்தார். 

"பார்க்கத்தானே கூடாது? தொடலாமே. அமைச்சரே விரலை விட்டுத் தடவிப் பார்க்கட்டும். அவர் வாக்கே சாட்சி. இல்லை என்று சொன்னால் நானே போய்க் கழுதையில் ஏறிக்கொள்கிறேன்."

தன் அதிர்ஷ்டத்தை அமைச்சரால் நம்ப முடியவில்லை. தொட்டுவிட்டு இல்லை என்று சொன்னால் வேலை முடிந்தது. அவசரமாக ஆள்காட்டி விரல் மோதிரத்தைக் கழற்றப் போனார்.

"ஐயையோ, முத்திரை மோதிரத்தைக் கழற்றலாமா?" என்றார் உலகளந்தான் பணிவாக. "மோதிரம் இல்லாத அமைச்சர் வாக்கு இந்தச் சபையில் செல்லாதே."

அதுவும் அந்த நாட்டு வழக்கம்தான். மோதிரத்தில் ஒரு யாளி முகம், வளைந்த துதிக்கையோடு துருத்திக்கொண்டிருந்தது. அமைச்சர் அதோடே விரலை மன்னர் வாய்க்குள் விட்டார். யாரும் பார்த்துவிடாமல் மன்னர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கடைவாய் வரைக்கும் தடவுங்கள். சரியாகத் தொடவில்லை என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது."

அமைச்சர் முழு விரலையும் விட்டுத் துழாவினார். பிறகு சபையைப் பார்த்துக் கம்பீரமாகச் சொன்னார். "இங்கே கம்பியும் இல்லை, கொக்கியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை."

"நல்லது. விரலை எடுங்கள், நான் கிளம்புகிறேன்" என்றார் உலகளந்தான்.

அமைச்சர் இழுத்தார். விரல் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். மன்னர் தலையும் கூடவே வந்தது. மன்னர் "ம்ம்ம்" என்று உறுமினார்.

"ஒரு மண்ணும் இல்லாத வாயில் உங்கள் மோதிரம் எதிலே மாட்டிக்கொண்டது, அமைச்சரே?"

அமைச்சர் கடைசியாக ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "இருக்கிறது" என்று முனகினார்.

"எது?"

"கம்பி."

"பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை."

"சபையோர் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை."

மன்னருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைத் திறக்க முடியாமல் உடம்பு குலுங்க, அமைச்சரின் கையும் சேர்ந்து குலுங்கியது. பத்தர் தகடு வெட்டும் கத்தரியோடு ஓடிவந்து, கம்பியை வெட்டவா, மோதிரத்தை வெட்டவா என்று கேட்டார். மோதிரத்தை என்று மன்னர் அமைச்சரின் கையைச் சுட்டிக் காட்டி, யாரும் பார்க்காதபடி வாயை அங்கவஸ்திரத்தால் மறைத்துக்கொண்டார்.

விரல் வெளியே வந்ததும் மன்னர் முதல் வேலையாகத் தன் முத்துமாலையைக் கழற்றி உலகளந்தான் கழுத்தில் போட்டார். அமைச்சரைத் தண்டிக்கவில்லை. புது முத்திரை மோதிரம் செய்யச் சொல்லிப் பத்தருக்கு உத்தரவு மட்டும் போட்டார். "நிதானமாகச் செய்யுங்கள், பத்தரே. பத்து வருஷம் ஆனாலும் பரவாயில்லை."