‘நல்ல’ என்ற சொல் தண்ணீரை விட்டுப் போன கதை

விலங்குகளும் பறவைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ‘நல்ல’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அது தண்ணீரோடு மட்டும் சேரும். பழம் இனித்தால் இனிப்புப் பழம் என்றார்கள். மழை கொட்டினால் பெருமழை என்றார்கள். உதவி செய்தவரை உதவினவர் என்றார்கள். குடித்தால் உயிர் போகாத தண்ணீருக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்று பெயர்.

இதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் வாழ்ந்த ஏரி கோடையில் வற்றி ஏழு குட்டைகளாகப் பிரிந்துவிடும். ஒரு குட்டையில் எட்டிக்காய் விழுந்து அழுகும். ஒன்றில் உப்புப் பூக்கும். நேற்றுக் குடித்த குட்டை இன்று கொல்லும். தாகத்தில் ஓடி வருகிறவனுக்கு நின்று பார்க்கப் பொறுமை இருக்காது. அதனால் எல்லாருக்கும் முன்னால் குடித்துப் பார்க்க ஒருத்தி இருந்தாள்.

மஞ்சள் காலும் சிவந்த மூக்குமாகக் கரையில் ஓடித் திரியும் பறவை அவள். அப்போது அவளுக்கு நீர்காட்டி என்று பெயர். விடிந்ததும் ஒரு குட்டையில் இறங்கி மூன்று வாய் குடிப்பாள். பிறகு கரையில் நடப்பாள். அவளுடைய நீண்ட நிழல் அவள் உயரத்துக்குச் சுருங்கும் வரை நடப்பாள். அதுவரை விழாமல் இருந்தால், கழுத்தை நீட்டி “நல்ல! நல்ல! நல்ல!” என்று மூன்று முறை கூவுவாள். எட்டுத் திசையிலிருந்தும் விலங்குகள் வந்து குடிக்கும். யாரும் கேள்வி கேட்டதில்லை.

அவளுக்கு முன் இந்த வேலையைச் செய்த அவள் தாய், ஒரு நாள் குடித்துவிட்டுக் கூவாமலே கரையில் சாய்ந்தாள். அன்று ஏரியில் அந்த ஒரு சாவுதான். மறுநாள் மகள் அடுத்த குட்டையில் இறங்கினாள்.

இந்த வேலைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் முட்டையிடுவது கூட்டில் அல்ல, வெட்டவெளிக் கரையில். அதை யாரும் மிதிக்கக் கூடாது, தின்னக் கூடாது. பன்றிகூட அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தது. முட்டை என்றால் உயிரை விடும் உடும்பு, அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உடும்புதான் ஏரிக்குத் தலைவர். எப்போது ஆனார், யார் ஆக்கினார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. பிடித்த இடத்தை விடாதவர்.

ஒரு கோடையில் ஒரு பாம்பு வந்தது. படம் எடுக்கும் பாம்பு. நாலாம் குட்டையின் கரையில் இருந்த புற்றில் குடியேறியது. ஏழில் ஆழமானது அந்தக் குட்டைதான். மற்றவை வற்றிய பிறகும் அதில் தண்ணீர் நிற்கும். முதல் வாரம் ஒரு தவளை போனது. அடுத்த வாரம் தண்ணீர் குடிக்க வந்த மானின் கன்று கடிபட்டது. நாலாம் குட்டையை இழந்தால் ஆடி வரை ஏரியில் யாரும் தாங்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. வேலமரத்தடியில் கூடினார்கள்.

கீரி முதலில் எழுந்தது. “நான் முன்னால போறேன். நீங்க எல்லாரும் சுத்தி நின்னாப் போதும். கடிக்க வேண்டாம், அடிக்க வேண்டாம். நிக்கிறதுக்கு என்ன பயம்?”

“நிக்கிறவன் காலைத்தான் அது முதல்ல கடிக்கும்,” என்றது பன்றி.

“உனக்கு இருக்கிற தோலுக்கு அதோட பல் உடைஞ்சு போகும், அண்ணே.”

சிலர் சிரித்தார்கள். உடும்பு வாலைத் தரையில் தட்டியது. “சண்டை எதுக்கு? பெரிய இடத்துப் பாம்பு. மரியாதை குறைஞ்சதாலதான் சீறுது. நம்மகிட்ட இருக்கிறதுலயே உயர்ந்தது எது? அதைக் கொண்டுபோய்க் கொடுப்போம். அடங்கிடும்.”

“எது உயர்ந்தது?” என்று கேட்டாள் முயல். அவள் மூன்று குட்டிகளோடு வந்திருந்தாள். அவை அவள் வயிற்றடியில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

“நீர்காட்டியோட சொல்,” என்றது உடும்பு. “அதை இதுவரைக்கும் யாருக்கும் கொடுத்ததில்லை. பாம்புக்குக் கொடுப்போம். நல்ல பாம்புன்னு கூப்பிடுவோம்.”

நீர்காட்டி ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். மடக்கிய காலைக் கீழே வைத்தாள். “அது தண்ணிக்கு உள்ளது, தலைவரே. நான் குடிச்சுப் பார்க்காததுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.”

“ஒரு தடவைதானேம்மா.”

“எங்கம்மா ஒரு தடவைகூடச் சொல்லலை. சாகிற அன்னிக்கும் சொல்லலை.”

“உங்கம்மா காலத்துல பாம்பு இல்லை,” என்றது மான்.

பேச்சு நீண்டது. பயந்தவர்களின் குரல்தான் அங்கே பெரிதாக இருந்தது. கடைசியில் உடும்பு மெதுவாகச் சொன்னது: “சரி. ஊருக்காக ஒரு சொல்லைக் கொடுக்க உனக்கு மனசு வரலை. அப்புறம் ஊர் மட்டும் உன் முட்டைக்காகச் சுத்தி நடக்கணும்னு எதிர்பார்க்காதே. எனக்கும் வயசாகுது. எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டே போறது?”

கரையில் அப்போது நாலு முட்டைகள் இருந்தன. நீர்காட்டி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். தண்ணீர் காட்டி அவள் காப்பாற்றிய முகங்கள்தான் எல்லாம். பன்றி மண்ணைக் கிளறியது. மான் மரத்தைப் பார்த்தது. முயல் தன் குட்டிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். கீரி மட்டும் “சொல்லாதே அக்கா” என்றது. ஒரு கீரியால் நாலு முட்டைகளைக் காக்க முடியாது.

மறுநாள் காலை அத்தனை பேரும் ஊர்வலமாகப் புற்றுக்குப் போனார்கள். தனியாகப் போகப் பயந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சேர்ந்து நடந்தார்கள். பன்றிக் கூட்டம், மான் கூட்டம், நரிகள், மயில்கள், முள்ளம்பன்றி. பாம்பு புற்றின் மேல் சுருண்டு கிடந்தது. நீர்காட்டி முன்னால் நின்று, குடித்துப் பார்க்காத ஒன்றுக்காக முதல் முறை அந்தச் சொல்லைக் கூவினாள்.

“நல்ல பாம்பு! நல்ல பாம்பு! நல்ல பாம்பு!”

பாம்பு தலையைத் தூக்கியது. ஒரு கணம் நின்றது. சரசரவென்று புற்றுக்குள் இறங்கி மறைந்தது.

“பார்த்தீங்களா!” என்று உடும்பு குதித்தது. “சொல் வேலை செஞ்சிடுச்சு!”

“எங்கே வேலை செஞ்சுது?” என்றது கீரி. “அதுக்குக் காதே கிடையாது. அவ கூவினது அதுக்குக் கேட்கவே இல்லை. நம்ம காலு அத்தனையும் ஒண்ணா மிதிச்சதுல மண்ணு அதிர்ந்துச்சு. அதுக்குத்தான் ஓடுச்சு. இதே மாதிரி தினம் வந்து நின்னா, வேற இடம் பார்த்துப் போயிடும்.”

யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் தினமும் வரவேண்டி இருக்கும். சொல்தான் விரட்டியது என்றால் வீட்டில் இருந்தபடியே சொல்லிக்கொள்ளலாம். எல்லாரும் உடும்பைப் பாராட்டிக்கொண்டு கலைந்தார்கள். கீரி அவர்கள் முதுகைப் பார்த்து, “நல்ல ஆளுங்கய்யா நீங்க!” என்றது. ஒருவரைத் திட்டுவதற்கு அந்தச் சொல் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள், முயலின் குட்டிகளில் இரண்டு புற்றடிக்கு விளையாடப் போயின. பிறந்ததிலிருந்து அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நீர்காட்டி ‘நல்ல’ என்று சொன்ன இடத்துக்குப் பயமில்லாமல் போகலாம். போயின. திரும்பவில்லை.

முயல் வேலமரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது குட்டியைக் காலுக்கிடையில் இறுக்கி வைத்திருந்தாள்.

“இப்பவாவது வர்றீங்களா?” என்றது கீரி.

“அவசரப்படாதே தம்பி,” என்றது உடும்பு. “நாம போதுமான தடவை சொல்லலை. காலையும் மாலையும் சொல்லணும்.”

காலையும் மாலையும் சொன்னார்கள். பாம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் சொல்லுக்குப் பழகிவிட்டார்கள். எது அவர்களை வருத்தினாலும் அதன் முன்னால் அந்தச் சொல்லை வைத்தார்கள். முதுகைச் சுட்டது நல்ல வெயில் ஆனது. வழி தெரியாதது நல்ல இருட்டு ஆனது. வயிறு எரிந்தால் நல்ல பசி. புலியிடம் மாட்டி எலும்பு முறிந்து வந்த மானைப் பார்த்து, நல்ல அடி என்றார்கள். உடும்பு தன் பேச்சை நல்ல பேச்சு என்றது. தன் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியவர்களை நல்லவர்கள் என்றது. கீரியை அப்படி யாரும் சொல்லவில்லை. அது ஏரியை விட்டு மேற்கே போனது. போகும்போது நீர்காட்டியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனது.

அவளுடைய முட்டைகள் பொரிந்தன. நாலு குஞ்சுகளும் கரையில் ஓடின. கொடுத்த வாக்கை உடும்பு காப்பாற்றியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனி முடிவதற்குள் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றின. நாலாம் குட்டைக்குப் போக யாருக்கும் துணிவில்லை. மிச்சம் இருந்தது ஆறாம் குட்டை, எட்டிமரத்தடியில் இருப்பது. அதில் காய் விழுந்திருந்தால் விஷம். விழாவிட்டால் உயிர்.

விடியலில் நீர்காட்டி இறங்கி மூன்று வாய் குடித்தாள். தாய் நடந்ததுபோலவே கரையில் நடந்தாள். நிழல் சுருங்கியது. விழவில்லை. கழுத்தை நீட்டிக் கூவினாள்.

“நல்ல! நல்ல! நல்ல!”

ஏரியில் மிச்சம் இருந்தவர்கள் வந்தார்கள். வந்து, குட்டையிலிருந்து பத்தடி தள்ளி நின்றார்கள்.

“குடிங்க,” என்றாள் நீர்காட்டி.

யாரும் அசையவில்லை. முயல் தன் மூன்றாவது குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்திருந்தாள். தாகத்தில் அதற்குக் கண் செருகியிருந்தது. கீழே வைத்தாள்.

“நல்லதுன்னா எந்த நல்லது?” என்று கேட்டாள். “நல்ல வெயில் மாதிரியா? நல்ல பாம்பு மாதிரியா?”

“நான் குடிச்சேன், முயலக்கா. உசுரோட நிக்கிறேன்.”

“நீ குடிச்சதை யாரு பார்த்தா? அன்னிக்குப் பாம்பைக் குடிச்சுப் பார்த்தா சொன்னே? என் புள்ளைங்க ரெண்டும் உன் வாயை நம்பித்தான் போச்சு.”

நீர்காட்டி மறுபடி குட்டையில் இறங்கி, எல்லாரும் பார்க்கக் குடித்தாள். “இவ நடிப்பா” என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு முயல் தானே இறங்கினாள். குட்டிக்குக் கொடுக்கவில்லை, தான் மூன்று வாய் குடித்தாள். கரையேறி நடந்தாள். தன் நிழல் சுருங்கிக் காலடிக்கு வரும் வரை நடந்தாள். விழவில்லை. தண்ணீரில் விஷம் இல்லை. வாய் நிறைய மொண்டுகொண்டு குட்டியிடம் ஓடினாள். உதட்டில் ஊற்றிய தண்ணீர் கழுத்து வழியாக மண்ணில் இறங்கியது. குட்டி விழுங்கவில்லை.

எல்லாரும் குனிந்து நின்றார்கள். உடும்பு தொண்டையைச் செருமியது. “நல்ல சாவும்மா. கஷ்டப்படாமப் போயிடுச்சு.”

“அந்தச் சொல்லை என் புள்ளை மேல வைக்காதீங்க,” என்றாள் முயல்.

நீர்காட்டி அன்றே அந்த வேலையை விட்டாள். அவளிடம் அதற்குப் பிறகு சொல் எதுவும் இல்லை. யார் வந்தாலும், எவர் வருகிறார் என்று பார்க்காமலே, விலகுங்கள், விலகுங்கள் என்று கத்திப் பறப்பது மட்டும் மிஞ்சியது. பெயரும் மாறி ஆட்காட்டி ஆனாள். சொல்லோ தண்ணீரை விட்டுக் கிளம்பி, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போகத் தொடங்கியது. எண்ணெய்க்கும் போனது, மிளகுக்கும் போனது, நாளுக்கும் நேரத்துக்கும் போனது, அடிக்கும் போனது, அடித்தவனுக்கும் போனது. கூப்பிட்டால் வராத இடம் அதற்கு இல்லை.

அன்று முதல்தான், நல்ல தண்ணீர் என்று எந்தத் தலைவர் வந்து சொன்னாலும், தாய்மார்கள் முதல் வாயைத் தாங்கள் குடித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்கிறார்கள். அதன் பிறகே பிள்ளையின் உதட்டில் டம்ளரை வைக்கிறார்கள்.