தெக்கிலா கழற்றிய போல்ட்டுகள்

இன்ஜினுக்கும் கால் உண்டு, தெரியுமா உங்களுக்கு?

வள்ளத்தில் வைக்கிற இன்ஜின் நான்கு கால்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். மேலும் கீழும் இரும்பு, நடுவில் ரப்பர். மவுண்டிங் என்பார்கள். அதை உப்புத்தண்ணீர் அரித்துவிட்டால் போதும், பசிக்கு அழுகிற பிள்ளை தொட்டிலை உதைப்பதுபோல இன்ஜின் வள்ளத்தை உதைக்கும். தொம்மையின் வள்ளத்தில் அதுதான் நடந்தது.

அது பாய் கட்டி ஓடுகிற பழைய மர வள்ளம். இன்ஜின் பிற்பாடு வைத்தது. வைத்த நாளிலிருந்து அதன் கால்களை யாரும் குனிந்து பார்த்ததில்லை. போன பருவத்தில் நடுக்கடலில் ஒரு கால் துருப்பிடித்து முறிந்தே போனது. பாய் இருந்ததால் தொம்மையின் பிள்ளைகள் இன்னாசியும் லெயோனும் கரை வந்து சேர்ந்தார்கள். தொம்மைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வள்ளத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வியாபாரியைப் பேசி வைத்தார். பிள்ளைகள் விடவில்லை, கெஞ்சினார்கள்.

"சரில, சரிபண்ணி இறக்குங்க. இறக்குன மறுநாள் காலையில அவரு வருவாரு. அவரு முன்னாடி இன்ஜின் ஆடாம ஓடுனா வள்ளம் உங்களுக்கு. ஆடுச்சுன்னா, இல்ல ஓட்டிக் காட்ட முடியலன்னா, அவருக்கு. இது நான் கொடுத்த வார்த்தை" என்றார்.

வள்ளத்தை மணலில் ஏற்றி வெயிலில் போட்டார்கள். மூத்தவன் இன்னாசி மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி, சங்கிலி போட்டு இன்ஜினைத் தூக்கினான். துருவேறிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தான். மசியாததை ரம்பத்தால் அறுத்தான். நான்கு கால்களையும் புதிதாக மாட்டினான்.

இளையவன் லெயோன் லாரிப் பட்டறையில் வேலை கற்றவன். இன்ஜினையும், தண்ணீருக்குள் சுழன்று வள்ளத்தைத் தள்ளுகிற காற்றாடியின் கம்பியையும் சேர்க்கிற இடத்தில் இரண்டு இரும்புத் தட்டுகள் இருக்கும். அவை சாயாமல் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். பகல் முழுக்கக் குப்புறப் படுத்து அதைப் பொருத்தினான். எந்தப் பக்கமும் ஒரு தாள்கூட நுழையவில்லை.

"ரெண்டும் முத்தம் கொடுக்குது, வந்து பாருங்க மதினி!"

இன்னாசியின் மனைவி தெக்கிலா இடுப்புப் பிள்ளையோடு எட்டிப் பார்த்தாள். பலகைகள் காய்ந்து இடுக்கு விட்டிருந்தன. லெயோன் முதுகில் வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது.

"தம்பி, வள்ளம் இப்படிக் காஞ்சு கிடக்கே. தண்ணியில இறக்கி ஊறவிட்டு அந்தத் தட்டு போல்ட்டை முடுக்குனா என்ன?"

"வழி விடுல, மெக்கானிக் அம்மா வந்துட்டாங்க!" என்றான் இன்னாசி. அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். போல்ட்டுகள் முடுக்கப்பட்டன.

மறுநாள் வள்ளம் கடலில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரமிட்டு நின்றது. வருடா வருடம்போல, உள்ளே கசிகிற தண்ணீரை இறைப்பது தெக்கிலாவின் வேலை. முதல் நாள் இறைக்க இறைக்க ஊறும். ஒரு வாரம் போனால் அடிப்பலகை தானாகவே காய்ந்து கிடக்கும். இது அவள் கைக்குத் தெரிந்த சங்கதி. அன்று சாயங்காலம் இறைத்து முடித்தவள் ஸ்பேனரை எடுத்தாள். அந்த இரண்டு தட்டுகளையும் பிணைத்த போல்ட்டுகளைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டாள். தெரியாமல் யாராவது ஸ்டார்ட் செய்துவிடக்கூடாதே என்று, இன்ஜினைச் சுற்றுகிற ஹேண்டிலையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

காலையில் வியாபாரி வந்து நின்றார். ஹேண்டிலைக் காணோம்.

"தேடாதீங்க, என்கிட்டதான் இருக்கு. போல்ட்டும் இருக்கு" என்றாள் தெக்கிலா.

இன்னாசி கொதித்தான். "நீ எனக்குப் பொண்டாட்டியா, அவருக்குக் கூட்டாளியா? கொடு, மாட்டி ஓட்டுவோம். அப்பா வார்த்தை என்னாவுறது?"

"நான் பாத்த நேர்ல நூல் பிசகு கிடையாது. கேக்காமக் கழட்டிட்டீங்களே மதினி" என்றான் லெயோன்.

"முந்தாநாளே கேட்டேன், சிரிச்சீங்க. மாமா, ஒரு வாரம் பொறுங்க. வள்ளம் தண்ணி குடிச்சு முடிக்கட்டும்" என்றாள் மாமனார் தொம்மையிடம்.

வியாபாரி தொண்டையைச் செருமினார். "ஓட்டிக் காட்டலன்னா பேச்சுப்படி எனக்குத்தானே?"

கொடுத்த வார்த்தைப்படி இப்போதே ஓட்டு என்கிறான் ஒருவன். என் அளவு சரி என்கிறான் இன்னொருவன். வார்த்தை தவறினாலும் பொறு என்கிறாள் ஒருத்தி. வள்ளம் கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். இந்த மூவரில் யார் சொன்னது சரி? தொம்மையின் இடத்தில் நீங்கள் இருந்தால் யார் பேச்சைக் கேட்பீர்கள்? யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: தெக்கிலா சொன்னதுதான் சரி. லெயோனின் அளவில் குற்றமில்லை, ஆனால் அது மணலில் கிடந்த வள்ளத்தின் அளவு. காய்ந்த பலகை கடலில் ஊறிப் பருத்து இடுக்கை அடைக்கும். மிதக்கும்போது வள்ளத்தின் அடிப்பாகமே கொஞ்சம் வளையும். இன்ஜின் உட்கார்ந்த கட்டையும் கூடவே நகரும், தட்டுகளின் நேர் பிசகும். லாரிக்கு இந்த வம்பு இல்லை. அன்றைக்கே ஓட்டியிருந்தால் இன்ஜின் ஆடியிருக்கும், வள்ளமும் போயிருக்கும். தொம்மை அதைப் புரிந்துகொண்டார். "வார்த்தை மாறுனது நான்தான், என்னைய ஏசுங்க" என்று வியாபாரிக்கு மீன்குழம்பும் சோறும் போட்டு அனுப்பினார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தாள் நுழையாத அந்த இடத்தில் தெக்கிலாவின் நகம் நுழைந்தது. லெயோன் முகம் சுளிக்காமல் மறுபடி குப்புறப் படுத்தான். மவுண்டிங்குக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துத் தூக்கி, புதிதாக நேர் பார்த்துப் போல்ட்டுகளை மாட்டினான். இன்ஜின் ஆடாமல், பூனைபோல மெல்ல முனகிக்கொண்டு ஓடியது; வள்ளம் பிள்ளைகளுக்கே ஆனது.

இன்னாசி அசடு வழிய வந்து, "ஏசிட்டேன். என்ன வேணும்னு சொல்லு, செய்யுறேன்" என்றான்.

அந்தக் கரையில் பெண்கள் வள்ளத்தில் தண்ணீர் இறைப்பார்களே தவிர, கடலுக்குப் போவதில்லை. தெக்கிலா பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"ஒரு நாள் எங்களையும் ஏத்திட்டுப் போங்க. கரை மறைஞ்சதும் இன்ஜினை நிப்பாட்டிட்டுப் பாயை விரிங்க. சத்தமே இல்லாம அது எப்படிப் போவும்னு நான் பாக்கணும்."