பச்சைக்கு மாறிய பத்து நிமிடம்

பாளையங்கோட்டையில் இரத்தம் தேவைப்படுவோரையும் கொடுப்போரையும் இணைக்கும் இணையதளம் ஒன்று இருந்தது. அதைக் கவனித்து வந்தவர் ஷமீமா. அவரிடம் வேலை கற்க வந்தவர் கோமதிநாயகம். வங்கியில் ஓய்வு பெற்றவர், குருவைவிட முப்பது வயது மூத்த சீடர். கேள்வி கேட்பதில் எல்.கே.ஜி. பிள்ளை அவரிடம் தோற்றுப்போகும்.

தளம் புது சர்வருக்கு மாற வேண்டியிருந்தது. பழையதற்கு நீலம், புதியதற்குப் பச்சை என்று பெயர். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டுக்கும் பதிவேடு ஒன்றே. வருகிறவர்களை எந்தப் பக்கம் அனுப்புவது என்பது ஒரே ஒரு கட்டளைதான். பச்சையை ஒரு மாதமாகக் கண்ணும் கருத்துமாகச் சோதித்திருந்தார் கோமதிநாயகம்.

"மாத்தினதும் நீலத்தை அணைச்சிரலாமா மேடம்?"

"வேண்டாம் சார். ஓடட்டும்."

"ஏன்? பால் காய்ச்சிட்டா பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்திர வேண்டாமா? இது என்ன, ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்?"

ஷமீமா சிரித்தார். "மாத்துங்க."

"இப்பவா? பகல் பதினோரு மணி! ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்களே."

"ஆளே இல்லாத நேரத்துல மாத்தினா தப்பை யாரு சொல்லுவா?"

மாற்றினார். பச்சை அலுங்காமல் ஓடியது. பத்து நிமிடம் கோமதிநாயகத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போது தொலைபேசி அடித்தது. தென்காசியிலிருந்து ஒரு செவிலியர்.

"பிரசவ கேஸ் சார். ஓ நெகட்டிவ் கேட்டுப் பதிஞ்சு அஞ்சு நிமிஷமாச்சு. ஒருத்தர்கூடக் கூப்பிடலையே?"

எங்கே பிசகியது என்று கோமதிநாயகம் திரையில் மேலும் கீழுமாகத் தேடினார்.

"தேடாதீங்க சார். முதல்ல நீலத்துக்குத் திரும்புங்க."

அதே கட்டளை, மறுபடி நீலம். பதிவேட்டில் காத்திருந்த கோரிக்கையை நீலம் எடுத்தது; கொடையாளர்களுக்குக் குறுஞ்செய்திகள் போயின. அரைமணி நேரத்தில் செவிலியரே அழைத்தார். இரண்டு பேர் வந்துவிட்டார்களாம்.

பிறகு நிதானமாகப் பார்த்தபோது தப்பு அகப்பட்டது. சோதனையின்போது கொடையாளர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று பச்சையில் குறுஞ்செய்தியை நிறுத்தி வைத்திருந்தார் கோமதிநாயகம். நிறுத்தியவர் திறக்க மறந்துவிட்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"நான் இப்படிச் சொதப்புவேன்னு தெரிஞ்சுதான் நீலத்தை அணைக்க விடலையா மேடம்?"

குறுஞ்செய்தியை நிறுத்தி வைத்திருந்த வரியை ஷமீமா திரையில் தொட்டுக் காட்டினார்.

"பக்கத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். 'மாற்றுவதற்கு முன் பார்த்தேன். சரி. ஷமீமா.'

"உங்களை நம்பித்தான் சார் மாத்தச் சொன்னேன்," என்றார் ஷமீமா. "என்னை நம்பாமத்தான் நீலத்தை வச்சிருந்தேன்."