நடுக்கடலில் சிவப்பு சிக்னல்

பாய்மரப் படகில் தனியாகக் கடல் தாண்டக் கற்றுக்கொள்ள மத்தில்டாவிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் புயலைப் பற்றித்தான் கேட்பார்கள். அவர் சோற்றைப் பற்றிச் சொல்வார். குடிதண்ணீரை மிச்சம் பிடிக்க உலையில் எவ்வளவு கடல்நீர் கலக்கலாம், ஆடுகிற அடுப்பில் பானை கவிழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, மழை வந்தால் முதலில் வாளியை வைப்பதா தலைக்குக் குளிப்பதா. பாதிப் பேர் அத்தோடு சரி, மறுநாள் வரமாட்டார்கள்.

ஆவுடையப்பன் மறுநாளும் வந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மத்தில்டாவைவிட ரொம்பவே மூத்தவர். மனைவி கோமதி இறந்த பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மகள் அழுது பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. இருந்த வயலை விற்றுப் படகு வாங்கினார். தூத்துக்குடியில் கிளம்பி ஆப்பிரிக்கக் கரை வரைக்கும், மத்தில்டா ஒருகாலத்தில் தனியாகப் போன அதே வழியில் போய்விட வேண்டும். வேறு நினைப்பே அவருக்கு இல்லை.

ஒரு நாள் கேட்டார்.

"எல்லாம் படிச்சாச்சு டீச்சர். காத்து மாறுததுக்குள்ள கிளம்பணும். எப்ப விடுவீங்க?"

"நாளைக்கு ரெண்டு பேரும் போவோம், அண்ணாச்சி. நான் சும்மா உக்காந்திருப்பேன். நான் படகுலயே இல்லன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டுங்க. அப்புறம் சொல்லுதேன்."

போனார்கள். கரை மறைந்தது. ஆவுடையப்பன் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. காற்றுக்குத் தக்கபடி பாயை இழுத்துக் கட்டினார். இடுப்புக் கயிற்றைப் படகில் மாட்டாமல் ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை. தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவியைச் சரியான திசைக்குத் திருப்பி வைத்தார். சோறு பொங்கினார், தட்டைக் கடலில் அலசினார், பாயில் நைந்திருந்த இடத்தைத் தைத்தார். இரவிலும் தூங்கத்தான் இல்லை.

மத்தில்டா எல்லாவற்றையும் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. சில ஆசிரியர்களுக்கு இது கைவந்த கலை. பாடு என்னவோ மாணவனுக்குத்தான்.

மறுநாள் ஆவுடையப்பன் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டார். மத்தில்டா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஆவுடையப்பனோ தன் டம்ளரை முழுசாகக் குடித்து முடித்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

அதற்கும் அடுத்த நாள் உச்சிவெயில். சுற்றிலும் ஒரு கப்பல் இல்லை, ஒரு பறவை இல்லை. திடீரென்று அவர் துள்ளி எழுந்தார்.

"சிவப்பு! சிக்னல் சிவப்பு!"

ஓடிப்போய்ப் பாய்க்கயிற்றை அவிழ்த்துவிட்டார். பாய் மொத்தமும் சரசரவென்று இறங்கியது. படகு வேகம் இழந்து ஆடியது.

"எங்க, அண்ணாச்சி?"

கையை நீட்டிக் காட்டினார். அங்கே தண்ணீர்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். நீட்டிய கை மெல்லக் கீழே வந்தது.

மத்தில்டா சிரிக்கவில்லை. ஓடிய அவசரத்தில் அவர் மாட்ட மறந்த இடுப்புக் கயிற்றை எடுத்துப் படகில் மாட்டிவிட்டார்.

"தூங்குங்க."

"நான் தூங்கினா யாரு பாக்கது?"

"யாரும் பாக்க மாட்டாங்க. நான்தான் இங்க இல்லையே."

"கப்பல் வந்து இடிச்சா?"

"பக்கத்துல வந்தா ரேடார் அலாரம் அடிக்கும்."

"அடிக்காமப் போச்சுன்னா?"

"அடிக்காமலும் போகலாம். ஆனா தூங்கத் தெரியாதவரை நான் தனியா அனுப்ப மாட்டேன், அண்ணாச்சி."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தில் அலாரம் வைத்து, நிழலில் ஒதுங்கிப் படுத்தார். உண்மையாகவே தூங்கிப்போனார். லேசாகக் குறட்டைகூட வந்தது.

ஆவுடையப்பன் இரண்டு பேருக்கும் சேர்த்து முழித்திருந்தார். கடிகாரம் அடித்து மத்தில்டா எழுந்ததும் கத்தினார்.

"எப்படி டீச்சர் உங்களுக்குத் தூக்கம் வருது? தனியாப் போனப்பவும் இப்படித்தான் தூங்கினீங்களா?"

"ஆமா. சுத்தி ஒரு தடவை பாப்பேன். பாயைக் கொறைப்பேன். அலாரத்தை வைப்பேன். படுத்துருவேன்."

"பயம் இருக்காதா?"

"இருக்கும். பயந்துக்கிட்டேதான் படுப்பேன்."

ஆவுடையப்பன் கீழே உட்கார்ந்தார்.

"இஞ்சின்ல நான் ஒரு நாள் கண்ணசந்தது கிடையாது. ஆஸ்பத்திரியில அசந்துட்டேன், டீச்சர். கோமதி கட்டிலுக்குப் பக்கத்துல, தரையில. முழிச்சுப் பாக்கேன், அவ கை ஜில்லுன்னு கெடக்கு. பாவி, தூங்கிட்டேன்."

பெற்ற மகளிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. மத்தில்டா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"முழிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. ஆனா பாத்துக்கிட்டாவது இருந்திருப்பேன்லா? யாருமே பாக்காம, அவ தனியாப் போயிட்டா."

"அதுக்கு முந்தி எத்தனை ராத்திரி முழிச்சிருந்தீங்க?"

"அதை யாரு எண்ணினா?"

"கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"'கொஞ்சம் படுங்களேன்'னா. மாட்டேன்னுட்டேன். 'கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, இப்பப் படுக்கப் போறீங்களா இல்லையா'ன்னு ஏசினா. அந்த நெலமையிலயும் ஏசினா. சரின்னு துண்டை விரிச்சுப் படுத்தேன்."

"ஏசிப் படுக்க வச்சவங்க, நீங்க தூங்குததைப் பாத்துக்கிட்டேதான் அண்ணாச்சி போயிருப்பாங்க."

ஆவுடையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்து எழுந்து, நாலு பக்கமும் கடலைப் பார்த்தார். பாயைப் பாதி உயரத்துக்கு ஏற்றிக் கட்டினார். அலாரத்தை வைத்தார். பிறகு படுத்துக் கண்ணை மூடினார்.