மாமன் மடிக்கு ஒரு ஈ-சிம்

ஆவாரம்புதூர் ஒயிலாட்டக் குழுவைப் பற்றி நான் சொல்லப்போவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஒயிலாட்டத்தில் வாத்தியார் சொல்வதை வரிசையில் நிற்கிறவர்கள் அப்படியே செய்ய வேண்டும். குறுக்கே யோசித்தால் அடவு தப்பிவிடும். இந்தக் குழுவில் நாலு பேர்: வாத்தியார் திருமேனி, சோலைமணி, கொண்டல்சாமி, பரமன். மேடையை விட்டு இறங்கின பிறகும் இவர்கள் யோசிக்க ஆரம்பிக்கவில்லை. அதுதான் கோளாறு.

இவர்களுக்கு மலேசியாவில் ஒரு கோயில் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. பார்த்தால், ஆட்டம் வைத்த அதே நாளில்தான் சோலைமணியின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள்? தங்கை முத்தழகு ஒரே பிடியாய் நின்றாள்.

"நேர்ல வர முடியலைன்னா வீடியோவுலயாச்சும் வா அண்ணே. மாமன் மடி இல்லாம எம் புள்ள காதுல ஊசி வைக்க விடமாட்டேன். அன்னைக்கு நீ வரலை, அப்புறம் இந்த ஜென்மத்துல உங்கூடப் பேச மாட்டேன்."

சோலைமணிக்கு ஒரே தங்கை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே நாலு பேரும் செல்போன் கடைக்குப் போய் வரிசையாக நின்றார்கள்.

கடைக்காரர் சொன்னார்: "நம்ம ஊர் சிம்முல ரோமிங் போட்டீங்கன்னா சொத்தை விக்கணும். ஈ-சிம் வாங்கிக்குங்க. கையில தொடுற சிம்மே கிடையாது, அப்படியே போன்ல ஏத்திக்கலாம். டேட்டா கம்மியா இருக்குறது ஒண்ணு, அளவே இல்லாதது ஒண்ணு. எது வேணும்?"

நாலு பேரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள்.

"அளவில்லாததே எடுப்போம்" என்றார் சோலைமணி. "தங்கச்சி விஷயம்."

"எடுக்கலாம்தான்" என்றார் வாத்தியார். "ஆனா ஏர்போர்ட்ல பெட்டியை எடை போடுவான். அளவில்லாம ஏத்திக்கிட்டுப் போனா நம்மளை விடுவானா?"

"பறைக்கே தனியா எடைக்காசு கட்டணும்" என்றார் பரமன்.

அதுவும் நியாயம்தானே! இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து வாங்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் சோலைமணி போனுக்கு ஒரு கட்டம் வந்தது, கறுப்பும் வெள்ளையுமாக. ஈ-சிம் ஏற, இதை இந்த போனிலேயே ஸ்கேன் பண்ண வேண்டும் என்று போட்டிருந்தது. கட்டத்தைத் திறந்தால் கேமரா மறைந்துவிடுகிறது, கேமராவைத் திறந்தால் கட்டத்தைக் காணோம். சலூன் கண்ணாடி முன்னால் போனைக் காட்டினார்கள். குனிந்து காட்டினார்கள், ஓடிவந்து சட்டென்று காட்டினார்கள்.

"தன்னைத் தானே பார்க்கக் கூச்சப்படுது" என்றார் கொண்டல்சாமி.

மற்ற மூன்று பேரிடமும் போன் இல்லாமல் இல்லை. ஒருவர் டார்ச் அடித்தார், ஒருவர் நடப்பதை வீடியோ எடுத்தார், வாத்தியார் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"அட, அதை பிரிண்ட் போட்டு ஸ்கேன் பண்ணுங்கப்பா" என்றார் அவர். "நல்லாப் பெரிசா, பளிச்சுனு போடுங்க."

பெரிசாக, பளிச்சென்று என்றால் எங்கள் ஊரில் ஃபிளக்ஸ்தான். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பத்தடி பேனர் ஏறிவிட்டது. 'கடல் கடந்து செல்லும் காதணி விழா மாமன் அவர்களே வருக' என்று மேலே எழுத்து. கூலிங் கிளாஸ் போட்டு நாலு பேரும் கும்பிடுகிறார்கள். நடுவில் அந்தக் கட்டம், கதவு அளவுக்கு.

ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்துவிட்டு சோலைமணி போனைக் காட்டினார். 'இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்தது.

"ஐயய்யோ, எவன்யா அது?" என்று அலறினார்.

எதிர்க் கடை டீ மாஸ்டர் ஞானராசு தயங்கித் தயங்கி வந்தார். "நான்தாம்ப்பா. காதணி விழான்னு இருந்துச்சா, மொய் போடுற கட்டம்னு நினைச்சேன். அது ஏதேதோ கேட்டுச்சு. நல்ல காரியமாச்சே, வேண்டாம்னு சொல்லலாமா? எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கிட்டேன்."

சோலைமணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு! முத்தழகு இனி எம் மூஞ்சியில முழிக்க மாட்டா!"

ஞானராசு தங்கமான மனுஷன். ஈ-சிம் ஏறிவிட்ட தன் போனையே எடுத்துக் கொடுத்து, சோலைமணி போனை வாங்கி வைத்துக்கொண்டார்.

மலேசியாவில் இறங்கியதும் போன் ஒன்று கேட்டது: டேட்டா ரோமிங்கை ஆன் பண்ணவா?

"தொடாதே!" என்றார் வாத்தியார். "சொத்தை விக்கணும்னு கடைக்காரர் சொன்னாரே!"

"நம்ம நாலு பேர்ல யாருக்கு வாத்தியாரே சொத்து இருக்கு?" என்றார் பரமன்.

ஒருவருக்கும் இல்லை. ஆன் பண்ணிவிட்டார்கள்.

காதுகுத்து நேரத்துக்குச் சோலைமணி புது வேட்டி கட்டி, கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கூப்பிட்டார். முதல் மணியிலேயே முத்தழகு முகம் தெரிந்தது.

"அண்ணே, வந்துட்டியா!" என்று அழுதாள். இவரும் அழுதார். "சரி, மடியைக் காட்டு."

போனைக் கீழே சாய்த்து மடியைக் காட்டினார். அண்ணனுக்குத் தங்கை சளைத்தவள் இல்லை. மனைப்பலகையில் தன் போனை மல்லாக்க வைத்து, திரையில் மாமன் மடி தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தாள்.

இங்கே திரை கும்மிருட்டாகிவிட்டது.

"ஊர்ல கரண்ட் போயிருச்சு" என்றார் கொண்டல்சாமி.

இருட்டுக்குள்ளிருந்து பிள்ளை வீறிட்டது. அப்புறம் முத்தழகின் குரல்: "குத்தியாச்சு அண்ணே! உன் மடியிலதான் உக்காந்திருக்கா! மனசு நிறைஞ்சுபோச்சு! இந்தா, இப்பத் தூக்கிட—"

அதோடு சரி. வாங்கின டேட்டா தீர்ந்துவிட்டது.

வெளியே பறை முழங்கியது. "எந்திரிய்யா, ஆட்டத்துக்கு நேரமாச்சு" என்றார் வாத்தியார்.

"எப்படி எந்திரிக்கிறது?" என்றார் சோலைமணி. "மடியில உக்காந்திருக்கான்னுதானே சொன்னா. தூக்கிட்டேன்னு இன்னும் சொல்லலையே."

வாத்தியார் கூர்ந்து பார்த்தார். "ஆமாய்யா. அசையாதே, பிடிச்சுக்கோ."

அன்றைக்கு ஒயிலாட்டம் உட்கார்ந்தபடி நடந்தது. ஒருவர் உட்கார்ந்தால் வரிசையே உட்கார வேண்டாமா? பார்த்தவர்கள் இது பழைய முறை போலிருக்கிறது என்று கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது சோலைமணியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மதுரை ஏர்போர்ட்டில் ஓர் அதிகாரி பரிவோடு குனிந்து, "கால்ல அடியா ஐயா?" என்று கேட்டார்.

சோலைமணி உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசுங்க சார். மருமக இப்பத்தான் அழுகையை நிறுத்திட்டுத் தூங்குறா."

அதிகாரி வெறும் மடியைப் பார்த்தார், பின்னால் நின்ற மூன்று பேரைப் பார்த்தார். வாத்தியார் முன்னால் வந்து, ரகசியமாக விளக்கினார்: "பயப்படாதீங்க சார், சின்னப் புள்ளதான். டிக்கெட் எடுக்கிற வயசு இல்ல."