எபிநேசரை உள்ளே வைத்துத் தைத்த கதை

கோத்தகிரிக்கு மேலே கொரைமட்டம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கம்பளிப் பின்னல் சங்கம். உறுப்பினர்கள் நாலு பேர். நாலு பேர் மூளையையும் சேர்த்து உருட்டினாலும் ஒரு நூல்கண்டு தேறாது. ஆனால் சங்கத்துக்கு போர்டு இருக்கிறது, ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது, தலைவி இருக்கிறார். ஆக்னஸ் அக்காதான் தலைவி. எல்லோரும் உட்காருகிற அளவுக்கு நாற்காலி அவர் வீட்டில் மட்டும்தான் இருந்தது, அதனால் தலைவி.

சங்கத்திடம் ஒரு பின்னல் கையேடு உண்டு. அதில் இருப்பதை அப்படியே செய்வார்கள். இல்லாததைச் செய்யவே மாட்டார்கள். 'மஃப்ளர்: போதும் என்று தோன்றும் வரை பின்னவும்' என்று ஒருமுறை படித்தார்கள். யாருக்கும் தோன்றவில்லை. மஃப்ளர் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய், அதன்மேல் தேயிலை லாரி ஏறிய பிறகுதான் செயலாளர் துரைக்கண்ணுவுக்கு லேசாகத் தோன்றியது.

இவர்களிடம் போய் எபிநேசர் ஸ்வெட்டர் கேட்டான். கேட்டவனைப் பற்றியும் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மேட்டுப்பாளையத்தில் மீன் வைக்கிற குளிர்க்கிடங்கு ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டும். கெட்டியான ஸ்வெட்டர் இல்லாதவனை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எபிக்கு இரண்டு வருஷமாக வேலை கிடையாது. இதுவும் போனால் இனி இந்த வீட்டில் உனக்குத் தட்டு வைக்கமாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள்.

திங்கட்கிழமை அளவெடுத்தார்கள். நெஞ்சுக்கு ஒரு நூல், கைக்கு ஒரு நூல், உயரத்துக்கு ஒரு நூல் என்று வெட்டி வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் நூலைக் காணோம்.

"அளவு நூல் எங்கே விமலா?" என்றார் ஆக்னஸ் அக்கா.

"ஸ்வெட்டருக்குள்ளதான் அக்கா இருக்கு. துண்டு நூல் வீணாப் போகுதேன்னு சேர்த்துப் பின்னிட்டேன்."

துரைக்கண்ணு கண்ணை மூடி யோசித்தார். "அளவே உள்ள இருக்குன்னா, ஸ்வெட்டர் அளவாத்தானே இருக்கும்?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

முன்பக்கம் ஆக்னஸ் அக்கா பின்னினார். பின்னும்போது அதில் டீ கொட்டிவிட்டார். பின்பக்கம் துரைக்கண்ணு. 'பின்பக்கத்தை முன்பக்கத்தைப் போலவே செய்யவும்' என்றது கையேடு. அவர் அதே இடத்தை விரலால் அளந்து, "சர்க்கரை போட்ட டீயா, போடாததா?" என்று கேட்டுக்கொண்டு ஊற்றினார். கைகள் இரண்டையும் விமலாவும் காளியப்பனும் ஆளுக்கொன்றாகப் பின்னினார்கள்.

வியாழக்கிழமை தைக்கிற வேலை. 'எல்லா ஓரங்களையும் சேர்த்துத் தைக்கவும். ஓர் ஓரமும் திறந்திருக்கக் கூடாது' என்று பதினான்காம் பக்கத்தில் இருந்தது. கழுத்து விஷயம் பதினைந்தாம் பக்கம். அதைக் கிழித்துத்தான் போன வாரம் காளியப்பன் போண்டா மடித்துக்கொண்டு போனான். ஆகவே கழுத்து, இடுப்பு, இரண்டு கை நுனி எல்லாவற்றையும் மூடித் தைத்தார்கள். கை முளைத்த தலையணை மாதிரி இருந்தது.

எபி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்குள்ள நான் எப்படிக்கா போறது?"

"தைக்கும்போதே நீ உள்ள இருந்திருக்கணும் தம்பி. அந்த நேரத்துல எங்க போனே?"

"நீங்கதானே வடை வாங்கிட்டு வரச் சொன்னீங்க."

"பாத்தீங்களா, தப்பு யார் மேலன்னு," என்றார் ஆக்னஸ் அக்கா மற்றவர்களிடம்.

"சரிக்கா. தலைக்கு ஒரு ஓட்டையாவது?"

"தலையைப் பத்திக் கையேட்டுல ஒண்ணுமே இல்ல," என்றான் காளியப்பன். போண்டா தின்றவனுக்குத் தெரியாதா.

"கத்திரியால வெட்டினா?"

"பின்னல்ல கத்திரி படக்கூடாதுன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. முதல் பக்கம் நல்லாத்தான் இருக்கு," என்றார் துரைக்கண்ணு.

வெள்ளிக்கிழமை காலை கீழ் ஓரத்தைப் பிரித்து, எபியைத் தலையோடு உள்ளே தள்ளி, அவன் பேன்ட்டோடு சேர்த்து மறுபடி தைத்தார்கள்.

"மூச்சு வருதா?"

"வருதுக்கா."

"அப்ப அளவு சரி."

நாலு பேரும் அவனைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார்கள்.

கிடங்கில் வேலைக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். மேனேஜர் எல்லோரையும் குளிர் அறைக்குள் விட்டு, அரை மணி நேரம் நிற்கச் சொன்னார். ஆறு பேர் பல் தந்தியடிக்க ஓடி வந்துவிட்டார்கள். எபி வரவில்லை. போய்ப் பார்த்தால், மீன் பெட்டியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"இவன்தான் ஆளு," என்றார் மேனேஜர். எபிக்கு முகமே இல்லாததை அவர் கவனிக்கவில்லை. வேலை கொடுக்கிறவர்கள் முகத்தையா பார்க்கிறார்கள். "இந்தத் தாள்ல கையெழுத்துப் போடு. இப்பவே போடலைன்னா வேற ஆளைக் கூப்பிட்டுருவேன்."

எபி கையை நீட்டினான். கம்பளி உருண்டைதான் வந்தது. அண்ணி நினைப்பு வந்ததோ என்னவோ, உள்ளே விசும்பல் கேட்டது.

சங்கம் அங்கேயே கூடியது. பேனா பிடிக்கக் கை வெளியே வராது. ஆனால் தாள் உள்ளே போகலாமே என்றாள் விமலா. கீழே பிரித்து, தாளையும் பேனாவையும் உள்ளே விட்டு, ஓரம் திறந்திருக்கக் கூடாதே என்று உடனே தைத்துவிட்டார்கள்.

"போட்டாச்சா?" என்றார் மேனேஜர்.

"போட்டாச்சுங்க சார்," என்றான் எபி உள்ளேயிருந்து.

"அப்ப குடு."

"தச்சிருக்குங்களே."

மறுபடி பிரித்தார்கள். "தாளைக் கசக்கிடப் போறான், நகருங்க, நானே பாத்துக்கறேன்," என்று மேனேஜர் குனிந்து இடுப்பு வரைக்கும் உள்ளே நுழைந்தார். விமலா கையில் நூல் கோத்த ஊசி தயாராக இருந்தது. ஓரம் திறந்து கிடந்தது. அவள் ஆக்னஸ் அக்காவைப் பார்த்தாள். அக்கா கையேட்டைப் பார்த்தார். விமலா மேனேஜரின் பேன்ட்டோடு சேர்த்து, நெருக்கமாக, அழகாகத் தைத்து முடித்தாள்.

உள்ளே கொஞ்ச நேரம் தாள் சரசரத்தது.

"கையெழுத்து சரியாத்தான் இருக்கு," என்றது மேனேஜர் குரல். "திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வந்துடு."

"எப்படி சார் வர்றது?"

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார்.

"முதல் பஸ்ஸைப் பிடி. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துடு."