செம்பருத்தி காய்க்காமல் போன கதை

அந்தக் காலத்தில் யானைக்கும் வாயுண்டு, செடிக்கும் வாயுண்டு; பேசாமல் கிடந்தது கல் ஒன்றுதான். அப்போதெல்லாம் யானை ஆண்டுக்கொரு குட்டி போடும். செம்பருத்தியோ கிளை வளையக் காய்க்கும்.

அலங்காத்தாள் என்று ஒரு யானை. காலடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்பதே அவள் பிழைப்பாகிவிட்டது. அடுத்தது வயிற்றில் தங்கினால் முந்தினதுக்குப் பால் வற்றிவிடும். அப்படி இரண்டைப் பறிகொடுத்தாள். மூன்றாவது, சின்னான், இப்போதுதான் தள்ளாடி நடந்தான். இவனையும் பாலில்லாமல் சாகவிடுவதில்லை, இவன் வளரும்வரை அடுத்தது வரக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள்.

அவள் ஓரகத்திக்குச் சிரிப்பாணி பொங்கியது. "ஊரே பிள்ளை வரம் கேட்குது. இவ வந்த சீதேவியைக் காலால உதைக்கிறா."

"வேண்டாம்னு யாரு சொன்னா, அக்கா? பொறுத்து வரட்டும்னுதான் சொல்றேன்."

சொன்னவள் நேரே செம்பருத்தியிடம் போனாள். எப்போது காய்ப்பது என்பதைத் தானே தீர்மானிக்கும் சாறு அதன் பூவில் இருந்தது. மழை பொய்த்தால் காய்க்காது, பெய்தால் காய்த்துக் குலுங்கும்.

"அந்தச் சாறு எனக்கு வேணும், தாயி."

"குடுத்துட்டா என் கிளையில காய் நிக்காதே. என் வம்சம்?"

"அதுக்கு நான் பொறுப்பு."

செம்பருத்தி சின்னானைப் பார்த்தது. "இவனுக்கு முந்தினதுங்க எங்கே?"

அலங்காத்தாள் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பினாள். அங்கேதான் இரண்டையும் புதைத்திருந்தாள். செம்பருத்திக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை கிளையையும் தாழ்த்திக் கொடுத்தது. அவள் ஒரு பூ விடாமல் தின்றாள்.

மறு ஆண்டு குட்டி இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. வயிறாரப் பால் குடித்த சின்னான் மூங்கிலை முறிக்கிற முரடனானான். அவன் தானாக மேயப் போன பிறகு, "இப்ப வரட்டும்," என்றாள் அலங்காத்தாள். தங்கச்சி பிறந்தாள்.

செம்பருத்தியோ பூத்தது, உதிர்ந்தது, ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. அலங்காத்தாள் வாக்கு மறக்கிறவளா? ஒரு குச்சியை ஒடித்து, ஆற்றங்கரையில் அந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் ஊன்றினாள். "விதை போனா போகட்டும். குச்சியிருக்கு, என் கையிருக்கு," என்றாள். குச்சி துளிர்த்தது.

சிரித்த ஓரகத்தி ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள். அவள் வயிற்றிலும் ஒன்று, காலடியில் சோர்ந்துபோன ஒன்று. "எனக்கும் ஒரு குச்சி ஒடிச்சுக் குடுடி. இனிமே நானும் அந்தப் பூவைத் தின்னு பொறுத்துப் பெத்துக்கறேன்."

அலங்காத்தாள் ஒன்றும் கேட்காமல் ஒடித்துக் கொடுத்தாள்.

அன்று முதல்தான் யானை ஆண்டுகள் இடைவெளிவிட்டு ஈனுகிறது, செம்பருத்தி பூப்பதோடு நின்றுவிடுகிறது. காயில்லை என்று அது அழிந்தா போயிற்று? குச்சி கேட்டு வந்தவளை எந்த வீட்டுக்காரியும் இன்றுவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை.